நான் எந்த ஸஃப்பில் நிற்பது?

அலவத்துகொடப் பக்கத்தில் நான் டிஸ்பென்சரி திறந்த முதல் வருடத்தில், ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே நோயே வருவதில்லை என்றுதான் யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். ஒரு றாத்தல் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, ஊரே வரிசையில் நின்ற பஞ்சம் ஒருவாறு முடிந்துபோன காலம் அது. தடிமன், இருமல், நெஞ்செரிச்சல், காலில் ஆணி, காதில் சீழ் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூத்திரம் போகக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு மனிதர்கூட வாய் திறக்கவில்லை. பெண்கள் பரவாயில்லை, கூட வந்த மாமியாரை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லிவிடுவார்கள். ஆண்களிடம்தான் நான் தோற்றுப்போனேன்.

எனக்குப் பொறுமை குறைவு. வீட்டிலும் என்னைப் பற்றிய முறைப்பாடு அதுதான். ஒருவர் வருவார். கூட்டம் கலையும்வரை வெளியே நின்றுவிட்டு, உள்ளே வந்து உட்காருவார். மிளகு விலை பேசுவார், மழையைத் திட்டுவார். நான் கொடுக்கும் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு எழும்பி, அரைக் கதவில் கையை வைத்து, முகத்தைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டு, "டொக்டர், இன்னொரு சின்ன விஷயம் ஈக்கி" என்பார். அந்தச் சின்ன விஷயத்தால்தான் மனிதர் மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்திருப்பார். "அத மொதல்லயே செல்ல ஏலாதா?" என்று கத்துவேன். கத்தினால் அடுத்த தடவை அந்தச் சின்ன விஷயமும் வாயில் வராது. கடைசியில் கத்துவதை விட்டுவிட்டு, அரைக் கதவுக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்தபடி இன்னொரு கதிரையைப் போட்டேன். நானும் எழும்பிப் போய் அதற்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். ஊர் ஆண்களின் உண்மையான நோய்கள் எல்லாம் அந்தக் கதிரையில்தான் வெளியே வந்தன.

ஆனால் அதைவிடப் பெரிய பரிசோதனை அறை எங்கள் பள்ளிவாசல். தொழுகைக்கு உடம்பும் உடுப்பும் சுத்தமாக இருக்க வேண்டும். சாரனில் ஒரு சொட்டு மூத்திரம் பட்டாலும் தொழுகை கூடாது. அதனால் எங்கள் ஆட்கள் மூத்திரம் பெய்த உடனே எழும்பிவிடமாட்டார்கள். கனைத்து, இருமி, கடைசிச் சொட்டு வரும்வரை குந்தியிருந்து கழுவுவார்கள். அதற்குப் பிறகுதான் ஹவுழ் என்கிற தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்து கை, முகம், கால் கழுவி வுழூ செய்வார்கள். டொக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? பாங்கு சொல்லும்போது கழிப்பறைக்குள் போனவர் தொழுகை தொடங்கியும் வெளியே வரவில்லை என்றால் எனக்கு விஷயம் விளங்கிவிடும். படைத்தவன் முன்னால் நிற்கப் போகிற நேரத்தில் அடுத்தவரின் மூத்திரத்தைக் கவனிப்பது கெட்ட பழக்கம்தான். அதற்காகக் கண்ணைக் கழற்றி டிஸ்பென்சரியில் வைத்துவிட்டுப் போக முடியுமா? சிலர் எனக்குப் பயந்து வீட்டிலேயே வுழூ செய்துகொண்டு வரத் தொடங்கினார்கள்.

ஹாஜியாரையும் நான் முதலில் கவனித்தது ஹவுழடியில்தான். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் ஊரில் பலர் இருந்தாலும் வெறும் ஹாஜியார் என்றால் அவர் ஒருவர்தான். மாத்தளை ரோட்டில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். கடை வாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரம். சிறு வயதில் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தவர், வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார். ஓதியது பாதி என்றாலும் அந்தப் பாதி அவருக்கு மனப்பாடம். குரலும் அருமையான குரல். தொழுகை நடத்தும் மௌலவியை எங்கள் ஊரில் ஹஸ்ரத் என்போம். ஹஸ்ரத் லீவில் வீட்டுக்குப் போகும் நாட்களில் ஹாஜியார்தான் முன்னால் நின்று தொழ வைப்பார். மற்ற நாட்களில் முதல் ஸஃப்பில், அதாவது முதல் வரிசையில், ஹஸ்ரத்துக்கு நேர் பின்னால் நிற்பார். தெரியாத ஆள் யாராவது அந்த இடத்தில் நின்றுவிட்டால் பக்கத்திலிருப்பவர் மெதுவாகச் சாரனைப் பிடித்து இழுப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே தொழுகைக்குத் திரும்பத் திரும்ப வுழூ செய்யத் தொடங்கினார். ஹவுழடியிலிருந்து படியேறி வருவார், நின்று யோசிப்பார், மறுபடி இறங்கிப் போவார். ஊர் உடனே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டது. வஸ்வாஸாம். சைத்தான் மனதுக்குள் ஊதிவிடும் வீண் சந்தேகத்துக்கு அதுதான் பெயர். "ஹாஜியாரே, ஹவுழ் வத்தப் போகுது" என்று கேலி செய்தார்கள். ஹாஜியாரும் சேர்ந்து சிரித்தார். அவரும் அதைத்தான் நம்பினார். அதற்கு அவர் ஓதிய கிதாபிலேயே வைத்தியமும் இருந்தது. சந்தேகக்காரர் கழுவி முடித்ததும் சாரனின் முன்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஈரம் தட்டுப்பட்டால், இது நான் தெளித்த தண்ணீர்தான் என்று மனதை அடக்கிவிடலாம். ஹாஜியார் ஒழுங்காகத் தண்ணீர் தெளித்துக்கொண்டார். உண்மையாகவே சொட்டிக்கொண்டிருந்த மூத்திரம் அந்த ஈரத்துக்குள் ஒளிந்துகொண்டது. தன் நோயைத் தன்னிடமிருந்தே இவ்வளவு பக்தியாக மறைத்த வேறொருவரை நான் கண்டதில்லை.

ஹவுழடியில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். "வஸ்வாஸ் டொக்டர். அதுக்கு உங்கட குளிசை சரிவராது" என்றார். சைத்தானுக்குக் குளிசை இல்லை என்பது எனக்கும் தெரியும். "சைத்தான் ராவைக்கு எத்தின தரம் எழுப்புறான்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு முதுகுவலி வந்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் தயாராக இருந்தது. கராம்பு மூட்டை தூக்கின முதுகாம். எண்ணெய் பூசினார், ஒத்தடம் கொடுத்தார், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகையில் சுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. நெற்றி தரையில் கிடந்தது, இடுப்பு மேலே வர மறுத்தது. பக்கத்திலிருந்த இரண்டு பேர் தொழுகை முடிந்ததும் கைலாகு கொடுத்துத் தூக்கினார்கள். மறுநாளிலிருந்து கடைசித் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி தொழுதார். இதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேரே கடைக்குப் போனேன்.

"எழும்புங்க ஹாஜியார், டிஸ்பென்சரிக்குப் போவம்."

"மூட்ட தூக்கின முதுகு டொக்டர். எண்ண பூசினாச் சரி."

"நீங்க கடைசியா மூட்ட தூக்கினது எப்ப? மகன்மார் தானே தூக்குற?"

ஹாஜியார் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். என் குரல் வழக்கம்போல ஏறிவிட்டது போலிருக்கிறது. எழும்பி வந்தார்.

விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கா டொக்டருக்குப் படிச்ச?" என்று கேட்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து மெல்லிய குரலில் ஓத ஆரம்பித்தார். மூத்திரப்பைக்கு அடியில் ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சுரப்பி, புரொஸ்டேட். தொட்டால் மூக்கு நுனியைப் போல மெத்தென்று இருக்க வேண்டும். வயதுக்கு அது பெருப்பது வழமை, பெருத்தாலும் மெதுவாகத்தான் இருக்கும். என் விரலில் பட்டது கொட்டைப்பாக்கு. கையைக் கழுவும்போது அவருடைய முகத்தைப் பார்க்காமலிருக்க நேரமெடுத்துக் கழுவினேன்.

கண்டியில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபோது மிச்சமும் தெரிந்தது. முதுகெலும்பில் அங்கங்கே சுண்ணாம்பை அப்பிவிட்டது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. புற்று சுரப்பியிலிருந்து கிளம்பி எலும்புக்குப் போய்க் குடியேறிவிட்டது. அந்த முதுகெலும்பு நொறுங்கி உள்ளே ஓடும் நரம்பை அமுக்கினால் இரண்டு காலும் போய்விடும். பிறகு கட்டில்தான்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஒரு சிங்களச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார், அதிகம் பேசாதவர். படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவோம், அவர் எழும்பி நடப்பார் என்றார். மாத்திரையும் அந்தக் காலத்தில் இருந்தது. அதைக் குடித்தால் ஆண்களுக்கும் மார்பு வளரும், இதயத்துக்கும் கேடு. ஹாஜியாருக்கு ஏற்கனவே இதயத்தில் கோளாறு இருந்ததால் அந்த வழி அடைபட்டது.

ஆண்களை ஆண்களாக்கும் ஒரு சாறு விதைகளில் ஊறி இரத்தத்தில் கலக்கிறது. மீசை முளைப்பதும் குரல் உடைவதும் அதனால்தான். இந்தப் புற்றும் அதே சாற்றைக் குடித்துத்தான் வளர்கிறது. சொந்த ஊரை விட்டு முதுகெலும்புக்குக் குடிபோனாலும் பழைய சாப்பாட்டையே கேட்கிறது. விதைகளை எடுத்துவிட்டால் தலையிலிருந்து கால்வரை எந்த எலும்பில் இருந்தாலும் அத்தனை புற்றும் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கும். வலி முதுகில், கத்தி வைப்பதோ வேறோர் இடத்தில். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் நான் மறந்துவிட்ட சங்கதி இது. அதை எனக்குத் தெரிந்த ஒரு மனிதரின் உடம்பில் நடத்திப் பார்க்கப் போகிறோம் என்றதும் பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து மறுபடி படித்தேன்.

ஹாஜியாரின் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். உள்ளறைத் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். மூத்த சகோதரியைப் போல, ராத்தா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். கேன்சர் என்ற சொல்லைக் கேட்டபோது திரைச்சீலை ஒரு தடவை அசைந்தது. ஹாஜியார் அசையவில்லை. விதைகளை எடுப்பது என்று சொன்னபோதுதான் தலையைக் குனிந்தார்.

எவ்வளவு காலம் இருப்பேன் என்று கேட்பார், ஊர் சிரிக்காதா என்று கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"டொக்டர், அத எடுத்த பொறகு நான் எந்த ஸஃப்புல நிக்கிற?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எலும்பைப் புற்று அரித்துக்கொண்டிருக்கிறது, மனிதர் வரிசையைப் பற்றிக் கேட்கிறார்! அவர் நிதானமாக விளக்கினார். ஜமாஅத்தாக, எல்லோரும் சேர்ந்து, தொழும்போது முதலில் ஆண்கள் நிற்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் சிறுவர்கள். சிறுவர்களுக்கும் பின்னால், ஆண் என்றும் பெண் என்றும் சொல்ல முடியாதவர்கள். கடைசியில் பெண்கள். மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவர் ஆண்களுக்கு இமாமாக நின்று தொழ வைக்கவும் கூடாது. அப்படித்தான் அவர் ஓதியிருந்தார். வெட்டிய பிறகு தான் ஆண்களின் ஸஃப்பிலிருந்து கீழே இறங்கிச் சிறுவர்களுக்குப் பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருந்தார்.

"மௌத்துக்கு நான் பயமில்ல. அது எல்லாருக்கும் ஈக்கி. வாப்பா மௌத்தான நாள்ல இருந்து நான் நிண்ட எடம் அது, டொக்டர். அங்க இருந்து எறங்கு எண்டு செல்றீங்க."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. படைத்தவனுக்கு முன்னால் எங்கே நிற்பது என்பதை உயிரைவிடப் பெரிதாக நினைக்கிற ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நானும் அதே பள்ளியில்தான் தொழுகிறேன். பிந்திப் போனால் எந்த ஸஃப்பில் இடமிருக்கிறதோ அங்கே நிற்பேன், பாதி நேரம் மனம் டிஸ்பென்சரியில் இருக்கும். இந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மார்க்கச் சட்டத்துக்கு மருந்தெழுத என்னால் முடியாது. ஹாஜியாரிடம் சம்மதம் கேட்டு, ஹஸ்ரத்தை அழைத்துவந்தேன். வேறு ஊரிலிருந்து வந்து அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த இளம் மனிதர் அவர். ஹாஜியாரின் கடைசி மகனின் வயதிருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டுத் தயங்காமல் சொன்னார்.

"நீங்க செல்ற சட்டம், பொறப்புலயே ஆணா பொண்ணா எண்டு தெளிவில்லாதவங்களுக்கு. நோவுக்காக வெதய எடுத்தவர் ஆம்புளதான், ஹாஜியார். முதல் ஸஃப்புல நிக்கவும் ஏலும், தொழ வைக்கவும் ஏலும். அந்தப் பாடம் வார முந்தியே நீங்க மத்ரஸாவ உட்டுட்டீங்க."

"நீங்க என்ட மனசு நோகக் கூடாதெண்டு செல்றீங்க."

"மார்க்கத்துல நான் பொய் செல்வனா?"

"பொய் எண்டு செல்லல்ல, ஹஸ்ரத். எரக்கம் எண்டு செல்ற."

ஹஸ்ரத்தின் முகம் சிவந்துவிட்டது. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். சட்டம் தெரிந்தும் ஹாஜியார் நகரவில்லை. ஆறுதலுக்காகச் சொன்னது என்று ஒரு தடவை சந்தேகம் விழுந்துவிட்டால் எந்தச் சட்டமும் உள்ளே இறங்காது. உண்மையான வஸ்வாஸ் அவருக்கு அன்றுதான் பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை நான் போனபோது வலது பாதம் மரத்திருந்தது. ஊசியால் குத்தினேன், தெரியவில்லை என்றார். இனிப் பொறுக்க நேரமில்லை, நரம்பு அமுங்கத் தொடங்கிவிட்டது, இன்னும் தாமதித்தால் ஸஃப்பைப் பற்றிப் பேசவே தேவையிருக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஹாஜியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. நான் அங்கே போய்வந்த அத்தனை நாட்களிலும் அவர் எங்கள் பேச்சுக்குள் வாய் வைத்தது அந்த ஒரு தடவைதான்.

"மொதல்ல எழும்பி நில்லுங்க. எங்க நிக்கிற எண்டு பொறகு யோசிப்பம்."

ஹாஜியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி டொக்டர், வெட்டச் செல்லுங்க" என்றார். "எழும்பி நிண்டு தொழ ஏலுமெண்டா கடைசி ஸஃப்பும் எனக்குப் போதும்."

அவர் எதைக் கொடுக்கச் சம்மதித்தார் என்பதை யோசித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். உடம்பிலிருந்து வெட்டி எடுப்பது அவருக்குப் பெரிதல்ல. முதல் ஸஃப்பைக் கொடுத்துவிட்டார், அதுதான் பெரிது.

அறுவை சிகிச்சை சின்னது, பெருமைப்படும்படி ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் கண்டிக்குப் போய் வார்டுப் படியேறினேன். அவருடைய கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் மோவாயால் வராந்தாவைக் காட்டினார். அங்கே, மடித்து விரித்த துவாயின்மேல் ஹாஜியார் நின்று தொழுதுகொண்டிருந்தார்.

தூணில்லை, சுவரில்லை. நிமிர்ந்து நின்றார். குனிந்து ருகூ செய்தார். நெற்றியைத் தரையில் வைத்தார். எழும்பமாட்டார், நான் ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று ஒரு காலை முன்னால் வைத்தேன். அவர் கையைத் தரையில் ஊன்றி, யாரும் தொடாமல், அந்த நெடிய உடம்பை மேலே கொண்டுவந்தார். நான் டொக்டர், அது ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியும். சாறு நின்றது, எலும்புக்குள்ளிருந்த புற்று பட்டினியில் சுருண்டது, வலி போனது. காரணம் தெரிந்திருந்தும் கண்ணால் கண்டபோது தாங்க முடியவில்லை. வலிக்கென்று ஒரு மாத்திரைகூட அவர் அப்போது குடிக்கவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பி என்னைக் கண்டதும், "முதுகு எங்க போன எண்டே தெரியல்ல, டொக்டர்" என்றார். வராந்தாவில் நின்றபடியே நான் அழுதுவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

நோய் துடைத்தெறியப்படவில்லை, தூங்கப் போயிருந்தது. நல்ல பல வருடங்கள் தூங்கியது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சுரப்பியும் சுருங்கியதால் மூத்திரம் சொட்டுவது நின்றது. ஒரு வுழூவோடு படியேறினார். ஊரார் வஸ்வாஸ் தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். என்ன வெட்டினார்கள் என்பது வெளியில் எனக்கும் ஹஸ்ரத்துக்கும் மட்டும்தான் தெரியும். பின்னாளில் ஹாஜியாரே அரைக் கதவுக் கதிரைக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கினார். நான் போன பொறகு நாலு பேருக்குச் செல்லுங்க டொக்டர், அப்பயாவது நேரத்துக்கு வருவாங்க என்று என்னிடம் சொல்லியும் வைத்தார்.

ஆனால் பள்ளிக்கு வந்த முதல் நாளே அவர் நேராகப் பின்னால் போனார். பெரியவர்களைத் தாண்டி, சிறுவர்களைத் தாண்டி, எல்லோருக்கும் கடைசியில் தனியாக நின்றார். முதுகு நோவு, எழும்பிப் போக வசதியாக நிற்கிறார் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய பழைய இடத்தில் வேறொருவர் நிற்கத் தொடங்கினார். ஹாஜியாரின் முகத்தில் வருத்தமில்லை, சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவரின் அமைதிதான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. ஹஸ்ரத் தொழுகைக்கு முன் திரும்பி, "ஸஃப்ப நேராக்குங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவருடைய கண் கடைசிவரை போய்த் திரும்புவதைக் கவனித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி அவர் ஏற்கனவே தோற்றிருந்தார்.

ஒரு நாள் மஃரிப், அந்தி நேரத் தொழுகை. வெளியே நல்ல மழை, பள்ளி நிறைந்திருந்தது. தொழுகைக்கு எழும்பி நிற்கச் சொல்லும் இகாமத் சொல்லி முடிந்தது. ஹஸ்ரத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னுக்கு நிற்காமல், ஸஃப்புகளை விலக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்றார்.

"எனக்குத் தொண்ட கட்டீக்கி, ஹாஜியார். ஓத ஏலாது. நீங்க தொழ வையுங்க."

"வேணாம் ஹஸ்ரத். நான் இங்கயே நிக்கிற."

"மஃரிபுக்கு நேரம் கொஞ்சம். வாங்க."

ஹாஜியாரின் கையைப் பிடித்தார். அந்த நெடிய மனிதர் ஸஃப்புகளுக்கு நடுவே என்னைக் கடந்து முன்னால் நடந்தார். மற்றவர்களுக்கு இது ஒன்றுமில்லை. ஹஸ்ரத்துக்கு முடியாத நாளில் ஹாஜியார் தொழ வைப்பது பழைய வழக்கம்தானே. நடப்பது என்ன என்று எனக்குத்தான் தெரியும். இமாமாக நிற்கத் தகுதியில்லாதவர் என்று தெரிந்துகொண்டே ஒருவருக்குப் பின்னால் தொழுதால் அந்தத் தொழுகை செல்லாது. இரக்கப்பட்டு ஒருவருக்கு எதையும் கொடுக்கலாம், தன் தொழுகையை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஹஸ்ரத் கொண்டுவந்து வைத்தது அதைத்தான். ஹாஜியாருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். விரிப்பின்மேல் ஏறுமுன் ஒரு தடவை திரும்பி ஹஸ்ரத்தின் முகத்தைப் பார்த்தார். ஹஸ்ரத் முதல் ஸஃப்பில், அவருக்கு நேர் பின்னால் போய் நின்று, கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார்.

ஹாஜியார் கைகளை உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினார். முதல் சொல் உடைந்து வந்தது. அடுத்தது கொஞ்சம் நேரானது. ஃபாத்திஹா சூராவை அவர் ஓதி முடிக்கும்போது பழைய குரல் முழுவதுமாகத் திரும்பியிருந்தது. பள்ளி முழுவதும் ஒன்றாக ஆமீன் சொன்னது. தொண்டை கட்டியிருந்த ஹஸ்ரத்தின் ஆமீன்தான் எல்லோருடையதையும்விட உரக்கக் கேட்டது.